உருது ஆவணங்களும் அத்தாட்சி மொழிபெயர்ப்பும்

ஜீலம் நதிக்குக் குறுக்கே 1961இல் தொடங்கி 1967இல் முடிவுற்ற மங்களா அணையின் நீர் பரவியபோது, மீர்ப்பூர் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடும் விளைநிலமும் இழந்து இடம்பெயர நேர்ந்தது. அவர்களுள் பலர், தமக்கு முன்னரே வேலை தேடிச் சென்றிருந்த உறவினரைப் பின்தொடர்ந்து, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, பர்மிங்ஹாம் போன்ற ஆலை நகரங்களை அடைந்தனர். முதலில் ஆடவர் தனியே சென்றனர். பின்னர் மனைவியரும் மக்களும் சென்றனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பாகிஸ்தானில் மணம் முடித்து, துணைவரை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கின்றனர். இந்த நீண்ட குடிபெயர்வின் ஒவ்வொரு கட்டத்திலும், உருதுவில் எழுதப்பட்ட ஒரு காகிதத்தை உருது அறியாத ஓர் அதிகாரியின் மேசைமீது வைத்து, இதில் எழுதியிருப்பது இதுதான் என்று அவரை நம்பவைக்க வேண்டிய அவசியம் நேர்ந்துகொண்டே இருக்கிறது. கணவனும் மனைவியும் ஒன்றுசேர்வதும், தாயிடம் குழந்தை வந்துசேர்வதும், உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவருக்கு அடைக்கலம் கிடைப்பதும் அந்த நம்பிக்கையைப் பொறுத்தவை.

லண்டனிலும் டொரான்டோவிலும் சட்ட அலுவலகங்களில் பணிபுரிந்து, பிற நாட்டாரின் விண்ணப்பங்களையும் தயார்செய்து கொடுக்கும் தமிழருக்கும், வீட்டில் உருது பேசும் நம் ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பத்தாருக்கும் இந்த அத்தியாயம் ஒருங்கே பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம். பாகிஸ்தானிய ஆவணங்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அவை சட்டத்தால் வகுக்கப்பட்ட படிவங்களில் அமைந்தவை. அவற்றைக் கையாளப் பழகியவருக்கு ஏனைய உருது ஆவணங்கள் பெரிதும் இடர் தரமாட்டா.

அத்தாட்சி மொழிபெயர்ப்பு எதற்கு அத்தாட்சி என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். மூல ஆவணம் உண்மையானது, போலியன்று என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. தம் முன் வைக்கப்பட்ட காகிதத்தில் எழுதப்பட்டவை அனைத்தும், கூட்டாமலும் குறைக்காமலும் திரிக்காமலும் வேற்றுமொழியில் தரப்பட்டுள்ளன என்பதற்கு மட்டுமே அவர் தம் பெயரையும் கையொப்பத்தையும் ஈடாக வைக்கிறார். மூலத்திலுள்ள கையொப்பமும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவைதாம் என்பதை உறுதிசெய்வது வேறொரு காரியம். அதற்கு 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் ஏற்பட்ட அப்போஸ்டில் என்னும் சான்று இருக்கிறது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு ஜூலை முதலும், பாகிஸ்தானில் 2023ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் முதலும் அந்த உடன்படிக்கை நடைமுறையில் உள்ளது. அப்போஸ்டில் பெற்றுவிட்டால் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை என்று எண்ணுவோரும், மொழிபெயர்ப்பில் முத்திரை விழுந்துவிட்டால் மூலத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை என்று எண்ணுவோரும் ஒரே பிரமையின் இரு பக்கங்களில் நிற்பவர்கள். இரண்டும் தேவைப்படும் இடங்களில் இரண்டையும் தனித்தனியே பெற்றாக வேண்டும்.

அத்தாட்சியின் வடிவம் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். பிரிட்டனில் அரசு நியமித்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்றொரு வகுப்பாரே கிடையாது. அங்கு உள்துறை அலுவலகம் கேட்பதெல்லாம் இவ்வளவே: மொழிபெயர்ப்பு முழுமையானதாகவும், வேண்டுமானால் தாங்களே விசாரித்துச் சரிபார்க்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும், மூலத்துக்குப் பிழையின்றி ஒத்தது என்ற உறுதிமொழியும், தேதியும், மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயரும், கையொப்பமும், தொடர்புகொள்ளும் முகவரியும் அதில் இடம்பெற வேண்டும். பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே தங்கும் அனுமதியை நீட்டிக்கவோ, நிரந்தரமாகத் தங்கவோ குடும்ப வழியில் விண்ணப்பிப்பவர், தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்வித்து, அவருடைய தகுதி விவரத்தையும் இணைக்க வேண்டும். 1910இல் தோன்றிய பட்டய மொழியியலாளர் கழகம், 1986இல் தோன்றிய எழுத்து, வாய்மொழி மொழிபெயர்ப்பாளர் கழகம் ஆகியவற்றின் உறுப்பினரைத் தேடிப் பிடிப்பது அங்கே வழக்கமாக இருப்பதன் காரணம் இதுவே. அமெரிக்காவில், மொழிபெயர்ப்பு முழுமையும் பிழையின்மையும் உடையது என்பதோடு, இரு மொழிகளிலும் தமக்குத் தேர்ச்சி உண்டு என்பதையும் மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நோட்டரியின் முத்திரையை அந்நாட்டுக் குடியேற்ற விதி கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவுக்குள் செய்யப்படும் மொழிபெயர்ப்புக்கு, 1977இல் அமைந்த நாட்டி என்னும் தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் வேண்டும்.

கனடாவின் விதி இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அல்லாதவர் செய்தால், அவர் பிரமாண அதிகாரியின் முன் சத்தியம் செய்து பத்திரம் எழுதித் தர வேண்டும். அன்றியும், விண்ணப்பதாரரோ, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், வாழ்க்கைத் துணை, பாட்டன் பாட்டி, பிள்ளைகள், மாமன், அத்தை, மருமக்கள், முதல்நிலை ஒன்றுவிட்ட உறவினர் ஆகிய எவரோ, தொழிலால் மொழிபெயர்ப்பாளராகவே இருந்தபோதிலும், அந்த வேலையைச் செய்தல் கூடாது. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் முறையே நிலவுகிறது. இத்தாலியில் நீதிமன்றத்தில் எழுத்தர் முன் நின்று சத்தியம் செய்து மொழிபெயர்ப்பை உறுதிப்படுத்துவர். ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகம் நியமித்தவரின் முத்திரை வேண்டும். பார்சிலோனாவுக்குப் போகிறவர் லாகூரில் மலிவாகக் கிடைத்தது என்று ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்வித்துக்கொண்டு போவது, பணத்துக்கும் காலத்துக்கும் நேரும் வீண்செலவு. எந்த நாட்டுக்கு, எந்த அலுவலகத்துக்கு, எந்த விண்ணப்பத்துக்கு என்று மூன்றையும் சொல்லாமல் எந்த மொழிபெயர்ப்பாளரிடமும் காகிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும் காகிதத்தோடு, கூடவே கொடுக்க வேண்டிய மற்றொரு தாளும் உண்டு. உருது எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மெய்யெழுத்துகளிலோ, ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்தால் குறிக்கப்படும் ‘ஸ’ ஓசைக்கு மூன்று எழுத்துகளும், ‘ஜ’வுக்கும் ‘ஸ’வுக்கும் இடைப்பட்ட அதிர்வோசைக்கு நான்கு எழுத்துகளும் இருக்கின்றன. ஆதலின் ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம். ஐந்தும் ஆறும் குற்றமற்றவையே. முகம்மது என்னும் பெயரின் முதல் உயிருக்கு ‘யு’ இடுவாரும் ‘ஓ’ இடுவாரும் உளர். ரஹ்மான் என்பதை ரெஹ்மான் என்று எழுதுவாரும் உளர். மொழிபெயர்ப்பாளர் தம் பழக்கப்படி ஒன்றை எழுத, கடவுச்சீட்டில் வேறொன்று இருக்க, அதிகாரியின் கண்ணுக்கு இருவர் தோன்றிவிடுகின்றனர். இதனைத் தவிர்க்கும் வழி எளிது: ஆவணத்தில் வரும் ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு தாளில் எழுதி, மூலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தந்தை, சாட்சிகள், நிக்காஹ் பதிவாளர் ஆகியோரின் பெயர்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் கூட இதைச் செய்யலாம். பல ஆவணங்கள் இருப்பின் அனைத்தையும் ஒருவரிடமே ஒப்படையுங்கள். எனினும், மூலத்திலேயே பெயர் உண்மையில் மாறியிருந்தால், எடுத்துக்காட்டாக நிக்காஹ்நாமா என்னும் திருமண ஒப்பந்தப் பத்திரத்தில் ‘பீபி’ என்றும் கடவுச்சீட்டில் ‘பேகம்’ என்றும் இருந்தால், அதை மொழிபெயர்ப்பில் சரிசெய்ய முற்படலாகாது. மூலத்தில் உள்ளபடியே எழுதி, இருவரும் ஒருவரே என்பதற்குத் தனியே ஒரு பிரமாணப் பத்திரம் இணைப்பதுதான் முறை. மூலத்தின் பிழையைத் திருத்தும் இடம் மொழிபெயர்ப்பு அன்று. அப்படித் திருத்தப்பட்டது எப்போதேனும் வெளிப்படுமானால், உண்மையாய் இருந்த விண்ணப்பமும் பொய்யெனக் கருதப்படும்.

இனி நிக்காஹ்நாமாவுக்கு வருவோம். குடிபெயர்வோரின் பெட்டியில் இதைவிட முக்கியமான உருதுக் காகிதம் வேறில்லை. ஆகவே இங்கே சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். பாகிஸ்தானில் முஸ்லிம் குடும்பச் சட்டங்கள் பற்றிய 1961ஆம் ஆண்டு அவசரச் சட்டம் ஒவ்வொரு நிக்காஹும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று விதித்தது. அதன்கீழ் ஏற்பட்ட படிவத்தில் 25 பத்திகள் உள்ளன. யூனியன் கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற்ற நிக்காஹ் பதிவாளர் நான்கு பிரதிகள் எழுதுகிறார்; மணமகனுக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று, யூனியன் கவுன்சிலுக்கு ஒன்று, தம்மிடமே இருக்க ஒன்று. அச்சிட்ட வாசகங்களுக்கு இடையே நஸ்தலீக் என்னும் சாய்ந்து இறங்கும் எழுத்தில், பல சமயம் பந்தலின் கீழ் அவசரமாக, பேனாவால் நிரப்பப்படும் அந்தப் பத்திகளைப் படிப்பதற்கு, அச்செழுத்து மட்டும் அறிந்த உருதுப் பயிற்சி போதாது.

முதற்பத்தியில் ஊரும் வட்டமும் மாவட்டமும். அடுத்து மணமகன், அவன் தந்தை, வயது. பின்னர் மணமகள், அவள் தந்தை. ஐந்தாம் பத்தியில் அவள் கன்னியா, விதவையா, மணவிலக்குப் பெற்றவளா என்பது. இந்த ஐந்தாம் பத்தியை அதிகாரி கூர்ந்து பார்ப்பார். முந்தைய மணம் ஒன்று இருந்ததாக அதில் கண்டால், அது முறையாக முடிந்ததற்குச் சான்று கேட்பார். ஏழாம் பத்தியிலும் ஒன்பதாம் பத்தியிலும் ‘வகீல்’ என்னும் சொல் வருகிறது. நம் ஊரில் வக்கீல் என்றால் நீதிமன்றத்தில் வாதாடுபவர். இங்கு அவர் மணமகளின் சார்பிலும் மணமகனின் சார்பிலும் சம்மதம் தெரிவிக்க நியமிக்கப்பட்ட பிரதிநிதி. பெரும்பாலும் தாய்மாமனோ சிறிய தந்தையோ. இவரை வழக்கறிஞராக்கிவிட்ட மொழிபெயர்ப்பைப் படிக்கும் அயல்நாட்டு அதிகாரி, மணமக்களின் விருப்பத்துக்கு மாறாக நிகழ்ந்த திருமணமோ, வழக்கறிஞர்கள் புடைசூழ நடக்க வேண்டிய அவசியம் என்னவோ என்று ஐயுறுவதில் வியப்பில்லை.

பதின்மூன்றாம் பத்தி மஹர், அதாவது மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடைத் தொகை. பதினான்காம் பத்தி அத்தொகையில் எவ்வளவு உடனே தரத்தக்கது, எவ்வளவு பின்னர் தரத்தக்கது என்பது. உருதுவில் இவ்விரண்டுக்கும் உரிய சொற்களும் செவிக்கு ‘முஅஜ்ஜல்’ என்றே ஒலிக்கின்றன. நடுவே ஒன்றில் ‘ஐன்’ எழுத்தும் மற்றொன்றில் ‘ஹம்ஸா’வும் வருவது மட்டுமே வேறுபாடு. கையெழுத்துத் தெளிவற்ற இடத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டால், கணவன் இன்றைக்கே கடன்பட்டவன் என்பது, என்றோ ஒருநாள் தரக் கடமைப்பட்டவன் என்று மாறிப்போகிறது. மணவிலக்கு வழக்கில் அந்தப் பெண்ணின் பணம் இந்த ஓர் எழுத்தைச் சார்ந்து நிற்கும். சிலர் ‘இந்துல் தலப்’, அதாவது கேட்கும்போது தரத்தக்கது, என்று எழுதுவர். சில பழைய நிக்காஹ்நாமாக்களில் தொகையே இன்றி ‘ஷரயீ மஹர்’, அதாவது மார்க்கச் சட்டப்படியான மஹர், என்று மட்டும் இருக்கும்; அவ்விடத்தில் வழக்கத்திலுள்ள ஒரு தொகையை மொழிபெயர்ப்பாளர் தாமே இட்டு நிரப்புவது பெருந்தவறு. தங்கம் தோலாக் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் தோலா என்றே எழுதி, ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம் என்பதை அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தரலாம்.

பதினெட்டாம் பத்தியே என் அபிப்பிராயத்தில் அந்தப் படிவத்தின் உயிர்நிலை. மணவிலக்குச் செய்யும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கு அளித்திருக்கிறானா, அளித்திருந்தால் எந்த நிபந்தனையின்பேரில் என்று அது கேட்கிறது. அடுத்த பத்தி கணவனின் மணவிலக்கு உரிமைக்கு ஏதேனும் வரையறை உண்டா என்கிறது. நடைமுறையிலோ, மணமகளைக் கேளாமலேயே பதிவாளர் இப்பத்திகளின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவது உண்டு. அந்தக் கோடும் ஆவணத்தின் பகுதியே. ‘இப்பத்தி வெறுமையாக உள்ளது’ என்பதும், ‘இப்பத்தியின் குறுக்கே கோடு இடப்பட்டுள்ளது’ என்பதும், ‘இல்லை என்று எழுதப்பட்டுள்ளது’ என்பதும் மூன்று வெவ்வேறு உண்மைகள். மொழிபெயர்ப்பு மூன்றையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். கொடுமைக்கு உள்ளாகிக் கணவனை விட்டு வெளிவந்த ஒரு பெண், தனக்கு அந்த உரிமை அளிக்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, கேட்கப்படவே இல்லையா என்று அயல்நாட்டு நீதிமன்றத்தில் எடுத்துச்சொல்ல வேண்டிய நாள் வரலாம். இருபத்தொன்றாம் பத்தி, மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டா, உண்டெனில் நடுவர் குழுவின் அனுமதி பெறப்பட்டதா என்பது. இதனை அதிகாரிகள் தவறாமல் பார்ப்பார்கள்.

2000ஆம் ஆண்டில் நாத்ரா என்னும் தேசியப் பதிவு ஆணையம் ஏற்பட்ட பின், உருதுவும் ஆங்கிலமும் சேர்ந்த கணினித் திருமணச் சான்றிதழ் கிடைக்கிறது. ஆங்கிலத்தை ஏற்கும் அலுவலகத்துக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆயினும் அது நிக்காஹ்நாமாவின் இடத்தை நிரப்புவதில்லை; மஹரும் நிபந்தனைகளும் அடங்கிய முழு வாசகம் நிக்காஹ்நாமாவில்தான் உள்ளது. பதிவாளரே ஆங்கில அச்சுப் படிவம் ஒன்றை நிரப்பித் தருவதும் உண்டு. அது உருதுப் பிரதியோடு பத்திக்குப் பத்தி ஒத்திருக்கிறதா என்று பாராமல் சமர்ப்பித்தவர்கள், ஒரே திருமணத்துக்கு இரண்டு வயதும் இரண்டு தேதியும் காட்டி இன்னலுற்றிருக்கிறார்கள்.

தலாக்நாமா என்னும் மணவிலக்குப் பத்திரத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி, தலாக் சொன்னவர் யூனியன் கவுன்சில் தலைவருக்கு எழுத்தால் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாள் கழியும் வரை தலாக் பயனுக்கு வராது. மனைவி கருவுற்றிருந்தால், கர்ப்பகாலமும் முடிய வேண்டும். ஆகவே தலாக்நாமாவின் தேதி மணமுறிவின் தேதி அன்று. தலாக்நாமா, அறிவிப்பு, யூனியன் கவுன்சில் தந்த சான்று என மூன்றையும் ஒருங்கே மொழிபெயர்க்கச் செய்வதே உத்தமம்.

படிவங்களை விட்டு, உருது அலுவலக மொழியின் பொதுவான சில சொற்களைப் பார்ப்போம். ‘வலத்’ என்பது இன்னாரின் மகன். ‘பின்த்’ இன்னாரின் மகள். ‘ஸௌஜா’ இன்னாரின் மனைவி. ‘சாக்கின்’ இன்ன ஊர்வாசி. பெண்ணின் பெயருக்கு முன் வரும் ‘முஸம்மாத்’ பெயரின் பகுதி அன்று, திருமதி என்பது போன்ற மரியாதை அடை; இதைப் பெயரோடு ஒட்டிவிட்டால் கடவுச்சீட்டோடு பொருந்தாமல் போகும். ‘கௌம்’ என்ற தலைப்பின்கீழ் ஜாட், அராயீன், ராஜ்புத் என்று எழுதப்பட்டிருப்பது சாதியையோ குலத்தையோ குறிப்பது. இச்சொல்லுக்கு ‘தேசம்’ என்ற பொருளும் உண்டாகையால், அனுபவமற்றவர் இதை ‘தேசிய இனம்’ என்று எழுதிவிடுகின்றனர். குடியேற்ற விண்ணப்பத்தில் ஒருவருடைய தேசியம் இருவேறாகத் தோன்றுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

உறவுமுறைகளில் தமிழருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. தந்தைக்கு மூத்தவர் ‘தாயா’, இளையவர் ‘சாச்சா’, தந்தையின் உடன்பிறந்தாள் ‘ஃபூஃபி’, தாயின் உடன்பிறந்தான் ‘மாமூன்’, தாயின் உடன்பிறந்தாள் ‘காலா’. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா அல்லது சின்னம்மா என்று நாம் தனித்தனியே வழங்கும் உறவுகளே இவை. ஆங்கிலத்தில் இவர்கள் அனைவரும் இரண்டே சொற்களில் அடங்கிவிடுவதால், குடும்பத்தோடு சேரக் கோரும் விண்ணப்பத்திலும், வாரிசுச் சான்றிலும், ‘தந்தையின் இளைய சகோதரர்’ என்பது போல விரித்து எழுதுமாறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியும் எண்ணும் தனியே கவனிக்கத்தக்கவை. உருது வாசகம் வலமிருந்து இடமாகச் சென்றாலும் எண்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படும். இரண்டுக்கும் மூன்றுக்கும் கையெழுத்தில் ஒரு சிறு வளைவே வேறுபாடு. சுழியமோ வெறும் புள்ளி. நகலெடுக்கும்போது ஒரு புள்ளி மறைந்தால் ஐம்பதாயிரம் ஐயாயிரம் ஆகும். ஆதலின் தொகை எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று மூலத்தில் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டும், ஈசவி எனப்படும் கிறித்தவ ஆண்டும் அருகருகே வரும். ஹிஜ்ரித் தேதியை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டு, இணையான ஆங்கிலத் தேதியைக் குறிப்பாகத் தரலாமே தவிர, மாற்றி எழுதலாகாது. பிறை காண்பதில் தேசங்களுக்குள் ஒருநாள் வேறுபடுவது இயல்பு. அந்த ஒருநாளுக்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பேற்க முடியாது. ஊர்ப் பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். லாயல்பூர் என்று முன்பு வழங்கியதே இன்றைய ஃபைசலாபாத். பழைய பிறப்புப் பதிவில் லாயல்பூர் என்று இருந்தால் அதையே எழுதி, இன்றைய பெயரைக் குறிப்பில் தர வேண்டும். அவ்வட்டாரத்துக் கால்வாய்க் குடியிருப்புகளில் ஊருக்குப் பெயரே எண்தான். ‘சக்’ என்ற சொல்லும் எண்ணும், அதன்பின் ‘காஃப், பே’ என்பது போல இரண்டு எழுத்தும் வரும். அவை கோகேரா கிளைக் கால்வாயின் ஆங்கில முதலெழுத்துகளான ஜி, பி என்பவற்றுக்கு உருதுவில் இட்ட எழுத்துகள். அறியாதவர் அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாக்கிப் பொருள் தேடுவார்.

முத்திரைகள், அஷ்டாம் என்னும் முத்திரைத்தாளின் மதிப்பு, ஓரத்தில் கிறுக்கிய எண், கையொப்பம், பெருவிரல் ரேகை, பின்பக்கத்தில் அலுவலர் எழுதிய குறிப்பு என எல்லாமே மொழிபெயர்ப்பில் தத்தம் இடத்தில் சொல்லப்பட வேண்டும். ‘நகல் முதாபிக் அசல்’ என்று ஒரு முத்திரை அடிக்கடி காணப்படும். அசலுக்கு ஒத்த நகல் என்பது நம் பத்திர எழுத்தருக்குச் சொல்லாமலே விளங்கும். படிக்க இயலாத இடத்தில் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதுவதற்கு நாணாத மொழிபெயர்ப்பாளரையே நம்புங்கள். ஊகித்து எழுதுபவர் வேலை அழகாக இருக்கும். ஆனால் விசாரணையில் நிற்காது.

அடைக்கலம் கோருவோரின் காகிதங்கள் வேறொரு வகை. பாகிஸ்தானில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் பதியப்படும் முதல் தகவல் அறிக்கை, பாரசீகச் சொற்கள் செறிந்த, ஒரே வாக்கியமாகப் பக்கம் பக்கமாக நீளும் உருதுவில் எழுதப்படும். அதனைச் சுருக்கித் தருவதோ, வசைச்சொற்களை நாகரிகம் கருதி மென்மைப்படுத்துவதோ உயிரோடு விளையாடுவது. மிரட்டியவன் சொன்ன சொல் எவ்வளவு கொடியதோ, அவ்வளவு கொடியதாகவே அது ஆங்கிலத்தில் வர வேண்டும். இத்தகைய காகிதத்தை எவரிடம் ஒப்படைப்பது என்பதிலும் மிகுந்த ஜாக்கிரதை தேவை. புலம்பெயர்ந்த சமூகம் சிறியது. ஒரே பிராதரியை, அதாவது ஒரே உறவுக் குலத்தை, சேர்ந்தவர் ஒரே தெருவில் வாழ்வார். கௌரவத்தின் பேரால் தேடப்படும் ஒரு பெண்ணின் புதிய முகவரி, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் மேசையிலிருந்து அவள் அண்ணனின் காதுக்குப் போய்விடக் கூடாது. ஆகவே வேறு நகரத்தில் உள்ளவரை, ரகசியம் காக்கும் விதிக்குக் கட்டுப்பட்ட தொழிற்கழக உறுப்பினரை, எழுத்தால் உறுதி பெற்று அமர்த்துங்கள்; மொழிபெயர்ப்புக்கு வேண்டாத முகவரி விவரங்களை அவரிடம் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து வந்ததும், உருது படிக்கத் தெரிந்த ஒருவரை அருகே வைத்துக்கொண்டு, அவர் மூலத்தைப் பத்தி பத்தியாக உரக்கப் படிக்க, நீங்கள் மொழிபெயர்ப்பில் விரல் வைத்துப் பின்தொடருங்கள். பிழை கண்டால் உங்கள் பேனாவால் திருத்தக் கூடாது. அதை எழுதியவரிடமே திருப்பி அனுப்பி, புதிய தேதியோடும் கையொப்பத்தோடும் பெற வேண்டும். மூலத்தின் தெளிவான நகல் ஒன்று மொழிபெயர்ப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் மொழிபெயர்ப்பாளரின் சுருக்கொப்பம் இருப்பது நலம். கைப்பேசியில் படம்பிடித்தால் கணப்பொழுதில் ஆங்கிலமாக்கித் தரும் கருவிகள் இப்போது உண்டு. தமக்கு வந்த கடிதத்தின் சாரத்தை அறிந்துகொள்ள அவை போதும். ஆனால் கையெழுத்து நஸ்தலீக்கில் அவை தடுமாறுகின்றன, தடுமாறியதைச் சொல்வதும் இல்லை. அத்தாட்சிக்கு ஒரு மனிதரின் பெயரும் பொறுப்பும் வேண்டும்.

கடைசியாக நம் ஊர் உருதுக் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகள் உருதுவில் எழுதப்படுவது உண்டு. பாகிஸ்தானில் போல 25 பத்திகள் கொண்ட ஒரே படிவம் இங்கில்லை. ஊருக்கு ஊர், ஜமாஅத்துக்கு ஜமாஅத் வேறுபடும். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் அத்தாட்சி மொழிபெயர்ப்புக்கு மேற்சொன்னவை அனைத்தும் பொருந்தும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினரின் திருமணத்தையும் பதிவுசெய்யக் கட்டாயமாக்கியிருக்கிறது, அரசாங்கச் சான்றிதழும் தருகிறது. மகளையோ மருமகளையோ அயல்நாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், பயணச்சீட்டு விலை விசாரிக்கும் முன், நிக்காஹ் பதிவேட்டின் நகலை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.